ஐம்பது லட்சத்து ஏழைகள்

பழைய மகாபலிபுரம் சாலையில் பதினான்காம் மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு ஆண்டுச் சம்பளம் 25 லட்சம், மனைவிக்கும் அதே. இரண்டு பிள்ளைகள். "கையில என்னங்க நிக்குது? நாங்கல்லாம் சாதாரண மிடில் கிளாஸ்" என்று பெருமூச்சு வரும். உடனே கண் கலங்கிவிடாதீர்கள். கணக்கைக் கேட்போம்.

வரி, பிடித்தம் எல்லாம் போக மாதம் மூன்று லட்சத்துக்கு மேல் வங்கியில் விழுகிறது. குடியிருக்கும் ஃப்ளாட்டுக்கு ஒரு இஎம்ஐ. 'சும்மா கிடக்கட்டும்' என்று செங்கல்பட்டுப் பக்கம் வாங்கிப்போட்ட மனைக்கு இன்னொன்று. மியூச்சுவல் ஃபண்டுக்கு எஸ்ஐபி. மகள் பெயரில் செல்வமகள் சேமிப்பு. நகைக்கடையில் மாதச் சீட்டு. இத்தனையும் போனபிறகு பார்த்தால் ஒன்றுமே மிச்சமில்லையாம்! சொத்தாகச் சேர்ந்ததையெல்லாம் செலவு என்று எழுதிவிட்டு, மீதியைக் காட்டி அழும் இந்தக் கணக்குப்பிள்ளைத்தனம் உலகத்தில் வேறு எந்த ஏழைக்கும் வாய்க்காது.

பிள்ளைகள் பேச்சை எடுத்தால்தான் கண்ணீர் மடையே திறக்கும். "ஸ்கூல் ஃபீஸே எங்களத் தின்னுடுது." உண்மைதான். சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி எந்த அரசாணையும் வரவில்லை என்பதும் உண்மைதான். அப்புறம் அபாகஸ், ரோபோட்டிக்ஸ், நீச்சல், ஃபோனிக்ஸ். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனாரோ இல்லையோ, குதிரை எப்படி நகரும் என்றே தெரியாத ஆறு வயதுப் பையனுக்குச் செஸ் கோச். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து பிளாக் பையன் போகிறான், போதாதா? கூடப் படிக்கிற பிள்ளை பிறந்தநாளை சிங்கப்பூரில் கொண்டாடியது. நம்மால் ஈசிஆர் ரிசார்ட்தான் முடிந்தது. இந்த ஏக்கம்தான் இவர்களின் வறுமைக் கோடு.

பயம் பொய்யில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தையும் மருத்துவத்தையும் காசு கொடுத்தே வாங்கவேண்டும் என்று ஆகிவிட்ட ஊரில், நாளைக்கு வேலை போனால் என்ன கதி என்று நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் அரசுப் பள்ளியை விட்டு முதலில் ஓடியவர்கள் யார்? ஓடிய பிறகு அது எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள் யார்?

பொருளாதார அறிஞர் பிக்கெட்டியும் இன்னும் மூன்று ஆய்வாளர்களும் 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2022-23இல் ஆண்டுக்கு 20.7 லட்சம் சம்பாதித்தவர் இந்தியாவின் உச்சியில் இருக்கும் 1 சதவீதத்துக்குள் வந்துவிடுகிறார். வரிசையின் நட்டநடுவில் நிற்பவருக்கோ ஆண்டுக்கு ஏறக்குறைய 1.05 லட்சம். நம் தம்பதி சேர்ந்து அல்ல, தனித்தனியாகவே அந்த உச்சிக்காரர்கள். ஆனால் தலையை அண்ணாந்தே வைத்திருப்பதால், அம்பானி ஒருவர்தான் பணக்காரர். அவருக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் மிடில் கிளாஸ்.

அரசாங்கமும் இதற்கு ஒத்து ஊதுகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், அதாவது மாதம் 66,000 ரூபாய் வரை வந்தாலும் பொருளாதாரத்தில் நலிந்தவர் என்று சொல்லி 2019இல் இட ஒதுக்கீடே கொடுத்த நாடு இது.

இந்த அழுகைக்கு நல்ல கூலியும் உண்டு. 2025 பிப்ரவரி 1 அன்று, நடுத்தர வர்க்கத்துக்கு நிவாரணம் என்று வருமான வரியைக் குறைத்தார்கள். 25 லட்சம் வருமானக்காரருக்கு 1.10 லட்சம் ரூபாய் மிச்சம் என்று நிதியமைச்சரே பட்ஜெட் உரையில் சொன்னார். நம் பதினான்காம் மாடிக்கு ஆண்டுக்கு 2.20 லட்சம்.

அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். கூவம் கரையிலிருந்து பெயர்த்து, நகரத்துக்கு வெளியே எட்டு மாடிகளில் அடுக்கி வைக்கப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. அவருக்குத் தமிழக அரசின் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். தம்பதிக்குக் கிடைத்த ஒரு வருடச் சலுகையில் அவரைப் போல் பதினெட்டுப் பெண்களுக்கு வருடம் முழுக்கக் கொடுக்கலாம். ஆனால் அவர் வாங்குவது 'இலவசம்', இவர்கள் வாங்கியது 'நிவாரணம்'. "ஓசியில குடுத்துக் குடுத்தே ஜனங்களச் சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்று சோபாவில் சாய்ந்துகொண்டு தீர்ப்பு எழுதுவார்கள். காலை ஆறு மணிக்குப் பேருந்து பிடித்து, சர்வீஸ் லிஃப்டில் மட்டுமே ஏறி, நாலு வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்து முடிக்கிறவர் சோம்பேறி!

"வரி கட்டுறது நாங்கதானே?" என்பார்கள். அந்த அக்கா வாங்கும் சோப்பிலும் பிஸ்கட்டிலும் உள்ள ஜிஎஸ்டியை வேறு யார் கட்டுகிறார்கள்? அவர் கட்டும் வரிக்கு ரீஃபண்டும் கிடையாது, நன்றி சொல்ல நாதியும் கிடையாது.

கஷ்டப்பட்டுப் படித்தீர்கள், சம்பாதிக்கிறீர்கள், நன்றாக இருங்கள். யாரும் பறிக்க வரவில்லை. நடுவில் நிற்கிறவர் பெயரைச் சொல்லி அவருக்கு முன்னால் போய்த் தட்டை நீட்டாதீர்கள், அவ்வளவுதான். அந்த அக்கா ஐந்நூறு ரூபாய் கூட்டித் தரச் சொன்னபோது, "நாங்களே மிடில் கிளாஸ்மா, எங்க போவோம்" என்று சொல்லி அனுப்பினீர்களே? இந்த மாதம் அதைக் கூட்டிக் கொடுத்துவிடுங்கள்.