கரிசல்காட்டுக் கப்பல் ஒழுக்கம்: துண்டும் குடமும் பற்றி ஓர் ஆராய்ச்சி

பாலவனத்தத்துக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று வினவுவார் உளர். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகிற சாலையில் இருக்கும் ஊர். மிளகாயும் மல்லியும் பருத்தியும் வானத்தை நம்பி விதைக்கிற மானாவாரிக் காடு. திருச்சுழிப் பக்கம் போனால் குண்டாற்றில் தண்ணீரைவிட மணலும் சீமைக்கருவேலமும்தான் அதிகம் கண்ணில் படும். இப்படிப்பட்ட சீமையில் உட்கார்ந்துகொண்டு, குடும்பத்தோடு உல்லாசக் கப்பல் ஏறுவோர்க்கு ஒழுக்கநூல் வகுப்பது அதிகப்பிரசங்கம் என்பது அவர்கள் கட்சி. அக்கட்சி பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதை நிறுவிவிட்டே நூலுக்குள் புகவேண்டும்.

1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்ச ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதற்குத் தலைவராக அமர்ந்தவர் கடலோரத்து வணிகர் அல்லர். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட அதே தேவர்தான். ஆகவே காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் 1907-ல் வந்து சேர்ந்தபோது, அவற்றின் மேல்தளத்தில் எப்படி உட்காருவது, எப்படி எழுந்திருப்பது என்று சட்டம் சொல்லும் உரிமை சென்னைக்கோ மும்பைக்கோ போவதற்கு முன்னால் பாலவனத்தத்துக்கு வந்துவிட்டது. அந்த உரிமையை ஊர் இதுவரை பயன்படுத்தாமல் இருந்தது அடக்கத்தினால் என்று கொள்க.

எதிரில் நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்தது. மேலும் குறைத்தது. கடைசியில் சும்மாவே ஏற்றிப் போகிறோம் என்றது. கூடவே ஒரு குடையும் கொடுத்தது என்று வ.உ.சி. வரலாறு சொல்வோர் சொல்வார்கள். கப்பல் பயணிக்குக் கையில் பரிசுப்பொருள் கொடுத்து மகிழ்விக்கும் இன்றைய வழக்கத்துக்கு இதையே மூலமாகக் காட்டலாம். ஆனால் மழை பெய்யாத சீமைக்காரர்களைக் குடை காட்டி இழுக்கப் பார்த்தது விவரமில்லாத காரியம். வெயிலுக்குப் பிடிக்கலாமே என்று ஒரு தடை எழும். வெயிலுக்கு இந்தப் பக்கத்து ஆண்மக்கள் தலையில் போட்டுக்கொள்வது துண்டு. இந்நூலின் தலையாய பொருளும் அதுவே.

இன்றைய நிலை: 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். 1990-ல் பிரான்சின் செயின்ட் நசேர் தளத்தில் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் பிறந்த கப்பல் அது. 11 தளம், 796 அறை. காலியாவையும் பிரான்சிலிருந்தே வாங்கி வந்தார்கள் என்பதை ஒற்றுமை தேடுவோர் குறித்துக்கொள்ளலாம். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றவும் தொடங்கியது. விசாகப்பட்டினம் போனால் ஆதார் அட்டை போதும். இலங்கை என்றால் பாஸ்போர்ட். குடும்பத்தில் ஒருவருக்காவது பாஸ்போர்ட்டில் ஒரு இனிஷியலும் டிக்கெட்டில் வேறு இனிஷியலும் இருக்கும் என்பது விதி. அதைத் துறைமுகத்தில் கண்டுபிடிப்பதைவிட வீட்டுத் திண்ணையில் கண்டுபிடிப்பது நன்று.

இனி நூற்பொருள். உலகத்து உல்லாசக் கப்பல்களை எல்லாம் ஆட்டிவைக்கும் முதற்பெரும் சிக்கல் புயலும் அன்று, பனிப்பாறையும் அன்று. நீச்சல் குளத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் சாய்வு நாற்காலி. விடியற்காலையில் ஒருவர் எழுந்துபோய் நாலு நாற்காலியில் நாலு துண்டைப் போட்டுவிட்டு, இறங்கிவந்து படுத்துத் தூங்கி, குளித்து, இட்லி தின்று, பத்தரை மணிக்கு மேலே போகிறார். அதுவரை நாற்காலியில் துண்டுதான் வெயில் காய்கிறது. இது முறையா என்பதில் வெள்ளைக்காரர்கள் வெகுகாலமாக அடித்துக்கொள்கிறார்கள். கரிசல்காட்டில் இந்த வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. தீர்த்துவைத்தவை இரண்டு பள்ளிகள்.

முதலாவது துண்டுப் பள்ளி. இருப்பிடம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியே துண்டை எறிந்தவருக்கு சீட்டு. துண்டு இல்லாதவர் செருப்பு, மஞ்சப்பை, சில சமயம் கைக்குழந்தை வரையிலும் உள்ளே அனுப்புவதுண்டு. “யாரு துண்டு இது?” என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தால் வெளியிலிருந்து “நம்ம துண்டுதான் அண்ணாச்சி, மூணு பேருக்குப் போட்டிருக்கு” என்று பதில் வரவேண்டும். பதில் வந்துவிட்டால் உரிமை நிலைபெறும். உரியவர் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தாலும் பஸ் நகரும் வரை செல்லும். இப்பள்ளியின் ஆசிரியர்கள் அனைவரும் ஆண்கள்.

இரண்டாவது குடப் பள்ளி, இருப்பிடம் தெருக்குழாய். தண்ணீர் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே ஆளுக்குப் பதில் குடம் வரிசையில் நிற்கும். பச்சைக் குடம், நீலக் குடம், வாய் உடைந்த குடம், குடமே இல்லாதபோது ஒரு செங்கல். இதுவரைக்கும் துண்டுப் பள்ளிக்கும் இதற்கும் பேதமில்லை. பேதம் குழாயில் காற்று புஸ்ஸென்று வந்த பிறகு தெரியும். குடத்துக்காரி அந்நேரம் அங்கே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் “ஏ மதினி, ஒன் கொடம் நிக்கி, நீ எங்க போன?” என்று ஒரு குரல், இரண்டு குரல், பிறகு குடம் ஓரத்துக்குப் போய்விடும். சண்டை வரும், ஆனால் தீர்ப்பு மாறாது. பொருள் ஆளுக்காக நிற்கலாம், ஆளாகிவிட முடியாது என்பதே இப்பள்ளியின் சித்தாந்தம். ஆசிரியர்கள் அனைவரும் பெண்கள்.

இன்று சில கப்பல் கம்பெனிகள், ஆளில்லாத நாற்காலியில் துண்டு அரைமணி, முக்கால் மணிக்கு மேல் கிடந்தால் ஊழியர் எடுத்துவிடுவார் என்று அறிவித்திருக்கின்றன. இது அப்பட்டமான குடப் பள்ளி. கடன் வாங்கிய இடத்தை அவை சொல்வதில்லை. எனவே பாலவனத்தத்துக் குடும்பத்துக்கு இந்நூல் இடும் கட்டளை: நாற்காலி பிடிக்கும் பொறுப்பை மாமாவிடம் கொடுக்காதீர், அத்தையிடம் கொடுப்பீர். மாமா துண்டை எறிந்துவிட்டு வந்துவிடுவார். அத்தை அங்கேயே நிற்பார், அக்கம்பக்கத்து நாற்காலிக்காரர்களின் ஊர், பிள்ளைகளின் படிப்பு, சம்பளம் ஆகியவற்றையும் அறிந்துவருவார்.

தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். பெரிய கப்பல்கள் கடல்நீரைக் காய்ச்சி ஆவியாக்கியோ, சவ்வில் அழுத்தி வடித்தோ நன்னீர் செய்துகொள்கின்றன. இராமநாதபுரம் மாவட்டத்து நரிப்பையூரில் இதற்காகவே ஆலை அமைத்தது இந்தப் பக்கத்தார் அறிந்ததே. ஆக, நடுக்கடலில் இருபத்துநாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வருகிறது. பார்த்த மாத்திரத்தில் கையில் அகப்பட்ட பாட்டில், டம்ளர், டிபன் டப்பா எல்லாவற்றிலும் அப்பத்தா பிடித்துவைப்பார். அவரைத் தடுக்கவேண்டாம். எப்போது நின்றுவிடும் என்பது பற்றி கேப்டனைவிட அவருக்கு அனுபவம் அதிகம். ஆனால் குளியலறையில் வாளியும் கப்பும் இரா என்பதையும், கக்கூஸில் பொத்தானை அமுக்கினால் காற்று இழுக்கும் சத்தம் பெரிதாக இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது பேரன் பேத்திகளின் கடமை.

சாப்பாடு பற்றி நூல்கள் விரிவாகப் பேசும்; இங்கே சுருக்கம். வரிசை நகரும்; தட்டு காலியாகும்; மறுபடி வரலாம். எனவே முதல் நடையிலேயே பூரி, பாஸ்தா, தயிர்ச்சோறு, கேக் ஆகியவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவேண்டியதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது இன்றியமையாதது. கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் என்னும் வாந்திபேதிக் கிருமியிடம் சானிட்டைசர் அவ்வளவாகச் செல்லாது. வீட்டிலிருந்து கட்டிப்போகும் புளிச்சோற்றையும் சாத்தூர்ச் சேவையும் பொறுத்தவரை, வாசலிலேயே எக்ஸ்ரே இருக்கிறது. கம்பெனி ஒட்டிய பாக்கெட் சில இடத்தில் தப்பும். புளிச்சோறு பெரும்பாலும் தப்பாது. கெட்டில், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு கொண்டுபோகக் கூடாது. கப்பலுக்குத் தீயைப்போல் பகை வேறில்லை.

ஓரிடத்தில் மட்டும் உரையாசிரியன் வேடத்தைக் கழற்றி வைக்கிறேன். ஏறியதும் உயிர்காப்புப் பயிற்சி நடக்கும். ஏழு குறும் ஒலி, ஒரு நெடும் ஒலி என்பது அபாயச் சங்கு. உங்கள் குடும்பம் போய்க் கூடவேண்டிய இடம் அறைக்கதவின் பின்னால் எழுதியிருக்கும். 2012 ஜனவரி 13-ல் இத்தாலிக் கரையோரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகு விதி மாறி, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட கையோடோ பயிற்சி நடத்தியாகவேண்டும் என்றானது. “நமக்கெதுக்கு, பிள்ளைக போகட்டும்” என்று பெரியவர்கள் அறையில் படுத்துவிடக் கூடாது.

கரையிறங்கினால் நேரத்துக்குத் திரும்புக. “அண்ணே, எங்க வீட்டுக்காரவுக வந்துக்கிட்டே இருக்காக, ஒரு நிமிசம்” என்று சொல்லி டவுன் பஸ்ஸை நிறுத்தலாம். கப்பலை நிறுத்த முடியாது. திருகோணமலையில் வளையல் பார்த்துக்கொண்டு நின்றவருக்குக் கடற்கரையிலிருந்து கப்பலின் பின்பக்கம் மிக அழகாகத் தெரியும்.

கடைசியாக, அறை ஒதுக்கீடு. சம்பந்தி வீட்டாரையும் சேர்த்துக் கூட்டிப்போகும் பயணங்களில் இதைவிடக் கடினமான பகுதி இல்லை. உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது, விலை குறைவு. பால்கனி அறைக்குக் கடல் தெரியும், விலை அதிகம். மரியாதை என்ற அளவில் பார்த்தால் சம்பந்திக்குப் பால்கனி கொடுத்தே தீரவேண்டும். கொடுக்காவிட்டால் அந்தப் பேச்சு பேரன் காதுகுத்து வரை வரும். நம் பிள்ளைகளுக்கு மனசு ஆறாது, “அவுகளுக்கு மட்டும் பால்கனியாப்பா?” என்று கேட்பார்கள். இங்கே இயற்பியல் துணைக்கு வருகிறது. கப்பல் ஆடும்போது மிகக் குறைவாக ஆடுவது நடுப்பகுதியின் கீழ்த்தளம். மிக அதிகமாக ஆடுவது மேல்தளத்தின் முன்முனை. விலை குறைந்த உள்ளறையை நடுவிலும் கீழிலும் பார்த்து எடுத்துக்கொண்டு, பால்கனியை முன்முனையில் உச்சித் தளத்தில் பதிவு செய்து, “நீங்கதான் மாமா கடல் பாக்கணும்” என்று சாவியைச் சம்பந்தி கையில் கொடுக்கவேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் எலுமிச்சம்பழத்தோடு போய்க் கதவைத் தட்டி நலம் விசாரிப்பது கூடுதல் மரியாதை.