ஐந்தாம் சக்கரம் இல்லாத சக்கரவர்த்தி

"தம்பி, எங்க நிக்கிறாய்?"

திருகோணமலையில் கார் வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வியின் விலை தெரியும். வேலையில் என்றால், "எத்தினை மணிக்கு முடியும்?" வீட்டில் என்றால், "அப்ப சும்மாதான் இருக்கிறாய்." கொழும்பில் என்று பொய் சொன்னால், "எப்ப வாறாய்? நான் நிண்டு பாக்கிறன்." கேட்கிற அண்ணன் நிற்பார்தான். அவருடைய காரின் டயரில் காற்றுப் போய்விட்டது, டிக்கியில் ஸ்பெயர் வீல் கிடையாது, நிற்காமல் வேறு என்ன செய்வார்?

ஆனால் விசயத்துக்கு உடனே வரமாட்டார். முதலில் அம்மாவின் மூட்டுவலி. பிறகு மகனுடைய ஏ.எல். பெறுபேறு. அதற்குப் பிறகு அறக்குளா விலை. உட்துறைமுக வீதி வெயிலில் கார் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். அண்ணன் மரநிழலில் நின்று உங்கள் குடும்ப நலனை ஆற அமர விசாரித்துக்கொண்டிருப்பார். பொறுமை கெட்டு, "என்னண்ணன், கார் நிண்டுட்டுதோ?" என்று நீங்களாகவே கேட்க வேண்டும். கேட்டீர்களோ, முடிந்தது. உதவி கேட்டவர் அவரல்லர், உதவ முன்வந்தவர் நீங்கள். "நீயாக் கேட்டபடியாச் சொல்லுறன்" என்று தொடங்குவார். பஞ்சர் என்ற சொல் வாயில் வராது. "டயர் கொஞ்சம் களைச்சுப் போச்சு" என்பார். கடைசியாகத்தான் அந்தக் கேள்வி வரும்: "உன்ட காருக்கு நாலு நட்டுத்தானே?"

நட்டுக் கணக்கில் அவரை வெல்ல இந்த மாவட்டத்தில் ஆளில்லை. அக்வா, ஆக்சியோ, வாகன் ஆர் மூன்றுக்கும் நாலு நட்டு. நட்டுகள் அமைந்த வட்டத்தின் குறுக்களவு மூன்றிலும் 100 மில்லிமீற்றர். பிரியஸுக்கு ஐந்து நட்டு, ஆகவே பிரியஸ்காரருக்கு அண்ணனிடம் மரியாதை குறைவு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயர் அவருக்குத் தெரியாது; பக்கத்து வீட்டுக் காரின் ரிம் அளவு தெரியும். பத்திரகாளி அம்மன் கோயிலடியில் நீங்கள் புதுக்காருக்குப் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றப்போகிற நேரம், ஒருவர் குந்தியிருந்து அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எழும்பி, "நல்ல கார் தம்பி" என்பார். காரை அவர் பார்க்கவே இல்லை. வாகன் ஆரின் சக்கரம் அக்வாவின் சக்கரத்தை விட மெலிசு, உயரமும் குறைவு என்று சொல்லிப் பாருங்கள். "மெதுவா ஓடினாச் சரி" என்பார். மற்றவன் சக்கரத்தில் மெதுவாக ஓடியே பாதி ஆயுளைக் கழித்தவர்.

சொந்தமாக ஒன்று ஏன் இல்லை என்று கேட்டால் குற்றவாளி ஜப்பான். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஜப்பானிலிருந்து வந்த சின்னக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் பலவற்றுக்கு ஸ்பெயர் வீலே வருவதில்லை. பாரம் குறைய வேண்டும், பெற்றோல் மிஞ்ச வேண்டும், பற்றரிக்கும் இடம் வேண்டும் என்று அதற்குப் பதிலாக ஒரு போத்தல் பசையும், காற்றடிக்கிற குட்டிக் கம்ப்ரசரும் வைத்து அனுப்புகிறார்கள். பசையை வால்வு வழியே ஏற்றி, காற்றடித்து, கொஞ்சத் தூரம் ஓடினால் அது உள்ளே பரவி ஓட்டையை அடைக்கும். சுமார் நாலு மில்லிமீற்றர் வரையான ஆணி ஓட்டைக்குத்தான் அது சரிவரும், பக்கச்சுவர் கிழிந்தால் சரிவராது. போத்தலுக்குக் காலாவதித் திகதியும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. ஆகவே அண்ணனின் கார் கிழவனாகிவிட்டது, போத்தல் எப்போதோ செத்துவிட்டது. பொன்னைப்போல அதை இன்னும் வைத்திருக்கிறார். மேலே எழுதியிருப்பது ஜப்பான் மொழியாம், வாசிக்க ஆள் தேடுகிறாராம்.

ஒருநாள் சீனக்குடாப் பக்கம் நின்றுபோன காருக்கு அருகே கூட்டம் சேர்த்து வைத்துக்கொண்டு அவர் நிகழ்த்திய பிரசங்கம்: "1942 ஏப்ரல் ஒன்பதாம் திகதி ஜப்பான்காரன் வந்து இந்தத் துறைமுகத்தில குண்டு போட்டான். இஞ்ச ஒரு எண்ணெய்த் தாங்கி எரிஞ்சுது. அந்தக் கோபம் தீராமத்தான் இப்ப ஸ்பெயர் வீல் இல்லாத காரா அனுப்புறான்." கூட்டம் சிரித்தது. ஜக்கைத் தூக்கிக்கொண்டு வந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கைகாட்டிய பக்கம், காட்டுக்குள், பிரித்தானியர் கட்டிய தாங்கிகள் இன்றைக்கும் 99 நிற்கின்றன. என்றோ ஒரு நாள் வரப்போகிற போர்க்கப்பலுக்காக அவ்வளவு எண்ணெயைச் சேர்த்து வைக்க இடம் பிடித்த ஊர் இது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு ஒரு சக்கரம் சேர்த்து வைக்க வழியில்லை.

காற்றுப் போனால் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஓரம் கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஜக்குப் போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, ஓட்டோவில் ஏற்றி, அனுராதபுரச் சந்திப் பக்கம் டயர் கடைக்குக் கொண்டுபோனால் ஆணியைப் பிடுங்கி அடைத்துத் தருவார்கள். அதே ஓட்டோவில் திரும்பி வந்து பூட்டலாம். அண்ணனிடம் ஜக்கும் இல்லை. இல்லாதவர் சும்மா நிற்கவாவது வேண்டாமா? "கொஞ்சத் தூரம்தானே" என்று காற்றில்லாத டயரிலேயே ஓட்டி வருவார். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசிந்து பக்கச்சுவர் கிழிந்துவிடும். ஆணியோடு போயிருக்க வேண்டிய செலவு புது டயரில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு டயர் கடைக்காரரைக் கள்ளன் என்று பேசுவார்.

ஊருக்குள் என்றால் பரவாயில்லை. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே, மாலை மங்கி யானை வீதிக்கு வருகிற நேரத்தில் கூப்பிடுவாரே, அதுதான் கொடுமை. அப்போதும் முதல் கேள்வி அம்மாவின் மூட்டுவலிதான்.

கார் பிறந்த புதிதில் எவரிடமும் ஐந்தாவது சக்கரம் இருக்கவில்லை. 1904 இல் வேல்ஸ் நாட்டின் லனெலி ஊரில் டேவிஸ் சகோதரர்கள் என்ற இரும்புக்கடைக்காரர்கள்தான் அதை உருவாக்கி விற்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் இப்படி ஓர் அண்ணன் வாய்த்திருப்பார் என்பது என் ஊகம். தொல்லை தாங்காமல் கண்டுபிடித்திருப்பார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் வாய் வேகும். 2022 இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்ட நாட்களில், வரிசையில் கிடந்தவர்களுக்குப் பிளேன்ரீ காவித் திரிந்தவர் இந்த அண்ணன். பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். அந்த ஐந்தும் முடிந்துபோன ஓட்டோக்காரத் தம்பி ஒருவன், பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வழியில்லாமல் முழித்தபோது, தன் காரில் குழாய் விட்டு வாயால் உறிஞ்சி எடுத்துக் கொடுத்தார். வாயெல்லாம் பெற்றோல். கணக்கும் பார்க்கவில்லை, பிறகு அதைச் சொல்லித் திரியவும் இல்லை. அந்தப் பெற்றோலை அவர் திருப்பிக் கேட்கவே இல்லை.

கோளாறு அங்கேதான். தான் கொடுத்ததைத் திருப்பிக் கேட்காதவர், வாங்கியதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பதில்லை. "ரெண்டு மணித்தியாலத்தில கொண்டுவந்து தாறன்" என்று என்னுடைய ஸ்பெயர் வீலை வாங்கிப் போனார். அது இப்போது அவருடைய காரின் இடதுபக்கப் பின்சக்கரம். அதிலேயே கோயிலுக்குப் போகிறார், நிலாவெளிக்குப் போகிறார், கிண்ணியாப் பாலம் தாண்டிக் கலியாண வீட்டுக்குப் போகிறார். அவரது பழைய டயர் என்ன ஆனது என்று கேட்டால், "கடையில குடுத்திருக்கு" என்கிறார். எந்தக் கடை என்று கேட்டால் அம்மாவின் மூட்டுவலியை விசாரிக்கிறார். இதில் நகைச்சுவை ஒன்றும் இல்லை. டயர் விற்கிற விலையில் ஒரு சக்கரம் என்பது ஒரு மாதத்துச் சீட்டுக்காசு. அவரால் இன்றைக்கு நானும் ஸ்பெயர் வீல் இல்லாமல் ஓடுகிறேன். நான் இன்னொருவரிடம் வாங்கினால், அந்த இன்னொருவர் வேறொருவரைக் கூப்பிட வேண்டும். கொஞ்சக் காலம் போனால் திருகோணமலை முழுக்க ஒரு சக்கரம் குறைவாக ஓடும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைக்கே டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். போத்தல் இருந்தால் திகதியைப் பாருங்கள். அது காலாவதியாகியிருந்தால், டயர் கடையில் உங்கள் காருக்குப் பொருந்துகிற பழைய ரிம் ஒன்றும் டயரும் விசாரித்து வாங்கி வையுங்கள், கூடவே ஒரு ஜக்கும். ஏற்கனவே சக்கரம் இருந்தால் அதில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பலகையை மூடி, மேலே அரிசி மூடையோ குடையோ எதையாவது வைத்துவிடுங்கள். உள்ளே ஒரு சக்கரம் கிடக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் மூச்சு விடாதீர்கள்.