இடி எத்தனை மணிக்கு?

கேள்வி: விமான நிலைய வானிலை அறிக்கையின் கடைசியில் வரும் குறிப்புகளை எழுதப் பழகுவது கஷ்டமா?
– ஒரு வாசகர், மணவூர்

பதில்: குறியீடுகளை மனப்பாடம் செய்துவிடலாம், கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம்தான் கஷ்டம். அமெரிக்க அறிக்கையில் குறிப்புகளைத் தொடங்கும் ‘ஆர்எம்கே’ என்பதற்குப் பின் ‘டிஎஸ்பி15இ40’ என்றிருந்தால், இடிமழை அந்த மணியின் 15ஆவது நிமிடத்தில் தொடங்கி 40இல் ஓய்ந்தது என்று பொருள். முதல் இடி கேட்டதும் மணி பார்க்காதவர் அந்த 15ஐ எங்கே போய்த் தேடுவார்?

நம் மீனம்பாக்கம் விமான நிலைய அறிக்கை அரை மணிக்கொரு முறை வருகிறது. அதன் வாலில் இருப்பது பெரும்பாலும் அடுத்த 2 மணி நேரக் கணிப்பு. பெரிய மாற்றமில்லை என்றால் ‘நோசிக்’.

இன்றே தொடங்குங்கள். திருத்தணிப் பக்கம் வானம் கருத்து, மணவூரில் இடித்ததும் மணியையும் நிமிடத்தையும் குறியுங்கள். அதிலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழியுங்கள். அறிக்கை எழுதுவது உலகப் பொது நேரத்தில்தான்.