கால் அமுங்கும் சொல்

கேள்வி: சேறு, சகதி, சதுப்பு மூன்றும் ஒன்றுதானே என்கிறாள் மகள். சரியா? (வாசகி, அல்சூர்)

பதில்: இல்லை. சேறு மண்ணும் நீரும் கலந்த பொருள். செருப்பில் ஒட்டி வீடுவரை வரும். அதையே பலர் மிதித்துக் குழப்பினால் சகதி. சதுப்பு என்பதோ நிலம். மேலே கோரையும் புல்லும் பசேலென்று நிற்கும். மிதித்தால் அமுங்கும், காலை எடுத்தால் அந்தத் தடத்தில் மெல்ல நீர் ஊறும். ஏரியோரம் கையைப் பிடித்துக்கொண்டு மகளை ஒருமுறை மிதிக்கச் சொல்லுங்கள். பிறகு மறக்கவே மாட்டாள்.

கேள்வி: கன்னடத்தில் எப்படிச் சொல்வது?

பதில்: சேறு கெசரு, சதுப்பு ஜௌகு. அவர்களும் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: கதுப்புக்கும் சதுப்புக்கும் உறவு உண்டா?

பதில்: கதுப்பு கன்னம், சங்க நூல்களில் கூந்தலும்கூட. இரண்டும் அமுங்கும் என்பதற்காக உறவு கொண்டாட முடியாது.

கேள்வி: பழந்தமிழில் சதுப்புக்குச் சொல் உண்டா?

பதில்: அளறு. விழுந்தவன் மீள முடியாத குழைசேறு என்பதால் வள்ளுவர் நரகத்துக்கே அந்தச் சொல்லை ஆள்கிறார். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பை ஊர்க்காரர்கள் கழுவெளி என்றார்கள். எனக்குப் பிடித்த சொல் இதுதான். இதில் பயம் இல்லை, வெளி இருக்கிறது. 2022இல் அந்த இடம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

கேள்வி: பெங்களூர் மெஜஸ்டிக் பேருந்து நிலையம் சதுப்பின் மேலா நிற்கிறது?

பதில்: தர்மாம்புதி ஏரியின் மேல். கண்டீரவா அரங்கம் இருப்பது சம்பங்கி ஏரியில். ஏரி முழுவதும் சதுப்பு ஆகாது. நீர் ஏறி இறங்கும் விளிம்புதான் சதுப்பு. ஏரியைத் தூர்க்கும்போது முதலில் போவதும் அந்த விளிம்பே.

கேள்வி: பஞ்சுபோல் அமுங்கும் நிலம் குளிர்நாடுகளில் மட்டும்தானே?

பதில்: நீலகிரிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே மலைமடிப்புகளில் நீர் தேங்கி, காற்றுப் புகாமல், செத்த புல் முழுதும் மட்காமல் அடுக்கடுக்காகக் கறுத்துக் கிடக்கிறது. பீட் என்பார்கள். நம் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கறுப்பு மண்ணில் உள்ள கரிம ஐசோடோப்புகளின் விகிதத்தை அளந்து, எந்தக் காலத்தில் எந்தவகைத் தாவரம் தழைத்தது, அதைக்கொண்டு பருவமழை எப்போது வலுத்தது, எப்போது மெலிந்தது என்று ஏறத்தாழ 20,000 ஆண்டுக் கதையைப் படித்தார்கள். 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அத்தனை ஆண்டு மழைக்கும் கணக்கு வைத்திருந்தது ஒரு சதுப்பு.