டேபிளின் ஜாதகம்

கேள்வி: டேட்டாபேஸ் டேபிளில் எந்த நெடுவரிசை என்ன டைப் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மைஎஸ்கியூஎல்லில் 'டிஸ்கிரைப்' போட்டு டேபிள் பெயரைச் சொன்னால் போதும். போஸ்ட்கிரெஸ்ஸில் 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா'வைப் புரட்டலாம். எஸ்கியூலைட்டில் 'பிராக்மா டேபிள்_இன்ஃபோ'. ஆனால் இந்தக் கடைசி ஆசாமியிடம் கிடைப்பது ஜாதகம் மட்டுமே. மாப்பிள்ளையை நேரில்தான் பார்க்க வேண்டும். 'இன்டிஜர்' என்று அறிவித்த நெடுவரிசையில் 'சென்னை' என்று எழுதுங்கள், முகம் சுளிக்காமல் எழுத்தாகவே வாங்கி வைத்துக்கொள்ளும். '044' என்று கொடுத்தால் 44 ஆக்கிவிடும். எஸ்டிடி கோடின் பூஜ்ஜியம் அம்போ! ஆகவே 'டைப்ஆஃப்' போட்டு உள்ளே இருக்கும் மதிப்புகளையே விசாரிப்பதுதான் புத்திசாலித்தனம்.

மற்றவை கறாரானவை ஆயிற்றே என்பீர்கள். வாஸ்தவம்தான், போஸ்ட்கிரெஸ் அந்தச் 'சென்னை'யை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆனால் மைஎஸ்கியூஎல்லில் 'பூலியன்' என்று நீங்கள் எழுதியது, திரும்பக் கேட்டால் 'டைனிஇன்ட்(1)' என்ற புனைபெயரில் வந்து நிற்கும். எஸ்கியூலைட்டிலும் 2021-இல் 'ஸ்ட்ரிக்ட்' டேபிள் வந்துவிட்டதே என்றால், வந்தது உண்மை. டேபிளை உருவாக்கும்போதே அந்தச் சொல்லைச் சேர்த்திருக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் உருவாக்கியவர் சேர்த்தாரா என்பதையும் பார்த்துவிடுங்கள்.