படமில்லாத சட்டம்

துபாய்

அன்பின் மாமாவுக்கு,

"துபாய்க்குப் போய் இத்தனை வருஷமாச்சு, அப்படி என்னத்தடா பார்த்த?" என்று போனில் கேட்டீர்கள். போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை போனை வாங்கி "சாப்பிட்டியா" என்று கேட்டுவிடுவார், அத்தோடு விவாதம் முடிந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம். விடையை மட்டும் எழுதினால் பாதிப் புள்ளி, வழியையும் காட்டினால்தான் முழுப் புள்ளி என்று முப்பது வருஷம் வகுப்பில் சொன்னவர் நீங்கள். எனவே முதலில் விடை: ஒன்றும் பார்க்கவில்லை. இனி வழி.

இங்கே ஸபீல் பூங்காவில் ஒரு சட்டம் நிற்கிறது. நீதிமன்றத்துச் சட்டமில்லை, சாமிப் படத்துக்குப் போடுகிற சட்டம். உயரம் 150 மீட்டர், நிறம் தங்கம், 2018 ஜனவரியில் திறந்தார்கள். உள்ளே படம் கிடையாது. நம் பக்கத்தில் படம்தான் முதலில். ஒருவர் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, பண்டாரவளைக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு, பொட்டு வைத்து மாட்டுவோம். இங்கே சட்டத்தை முதலில் நட்டுவிட்டார்கள். இவ்வளவு பெரிய சட்டத்துக்கு ஆணி கிடைக்கவில்லையா, ஆணி கிடைத்துச் சுவர் கிடைக்கவில்லையா தெரியாது. படம் எங்கே என்று கேட்டால், ஊர்தான் படம் என்பார்கள். ஒரு பக்கம் நின்று பார்த்தால் சட்டத்துக்குள் தேரா, கடற்கழி என்று பழைய துபாய். மறுபக்கம் போனால் வானளாவிய கட்டடங்களோடு புதிய துபாய். உச்சியில் கண்ணாடித் தரையும் உண்டு. காலுக்குக் கீழே பாதாளம் தெரிய, தொடை நடுங்க நிற்பதற்கு டிக்கெட். நம் பெரகலையிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்குகிற பஸ்ஸில், ஜன்னலோரம் கிடைத்தவனுக்கு இந்த நடுக்கத்தை வளைவுக்கு வளைவு இலவசமாகத் தருகிறார்கள். அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

இதை வைத்து யோசித்தால் ஒன்று புலப்படும். சட்டத்தின் தத்துவம், நடுவில் நின்று இரு பக்கமும் இரண்டு உலகத்தைப் பார்ப்பது. நம் பக்கத்து ஹப்புத்தளை அதைத்தானே காலம் காலமாகச் செய்துகொண்டிருக்கிறது? மலைமுகட்டில் ஒரு கத்தி விளிம்பு போல உட்கார்ந்திருக்கிற ஊர். இந்தப் பக்கம் ஊவா மலைகள், அந்தப் பக்கம் சரிவு இறங்கித் தெற்குச் சமவெளி. வானம் தெளிந்த நாளில் அம்பாந்தோட்டைக் கடல் வரை போகும் பார்வை. உயரக் கணக்கிலும் நாம் தோற்கவில்லை. உலகத்திலேயே உயரமான கட்டடமாகிய புர்ஜ் கலீபா 828 மீட்டர், அதுவும் கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில். ஹப்புத்தளை டவுன் சுமார் 1,430 மீட்டர். அதாவது உலகத்தின் உச்சாணிக் கட்டடத்தினுடைய ஊசி முனை, ஹப்புத்தளையில் பிளேன்டீ குடிக்கிறவரின் செருப்புக்கு அறுநூறு மீட்டர் கீழே இருக்கிறது. இந்தப் பெருமையை யாராவது ஷேக்கிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். என் விசா முடிகிற வரை நான் சொல்லப்போவதில்லை.

அப்படியானால் அது ஏன் உலகக் காட்சி, இது ஏன் வெறும் ஊர்? என் வாதம் இதுதான்: காட்சி என்பது மலையிலும் இல்லை, கட்டடத்திலும் இல்லை. அது லீவில் இருக்கிறது. ஓர் இடத்தில் வேலை இல்லாதவனுக்குத்தான் அந்த இடம் காட்சியாகிறது. சான்று வேண்டுமா? புர்ஜ் கலீபாவில் 24 ஆயிரத்துக்கும் மேல் கண்ணாடிகள். கயிற்றில் தொங்கி அவற்றைத் துடைக்கிறவர்களை விட நல்ல இடம் யாருக்கும் வாய்க்காது. ஆனால் அவர்கள் முகம் கண்ணாடிக்கு, முதுகுதான் காட்சிக்கு. இப்போது தம்பேதன்னைச் சரிவில் கொழுந்து எடுக்கிற பெண்ணைப் பாருங்கள். முன்னால் செடி, முதுகில் கூடை. அத்தனை பெரிய சமவெளியை நாளெல்லாம் பார்ப்பது கூடைதான். அதே சரிவின் உச்சிக்குப் பெயர் லிப்டன் சீட். கிளாஸ்கோவில் பலசரக்குக் கடை நடத்திய தாமஸ் லிப்டன் 1890இல் அங்கே தோட்டங்களை வாங்கினார். அவர் உட்கார்ந்து பார்த்த இடம் ஆசனமாயிற்று. இப்போது சிலையாகவும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்காக நின்றவர்களின் இடங்களுக்கெல்லாம் பெயர் வைப்பதென்றால் மலையில் இடம் பத்தாது. பனிமூட்டம் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டுமென்று விடியற்காலையில் பயணிகள் ஆட்டோவில் மேலே போகிற நேரமும், கீழே அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் சேர்கிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. விடியல் ஒன்றுதான். ஒரு பக்கம் போட்டோ எடுக்கிறார்கள், மறுபக்கம் நாட்சம்பளத்துக்குப் பேர் போடுகிறார்கள்.

ரயிலும் அப்படித்தான். 1893இல் ஹப்புத்தளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்த பாதையை அழகுக்காக யாரும் போடவில்லை. தேயிலைப் பெட்டி கொழும்புக்கு இறங்க வேண்டும், அரிசி மூட்டை மேலே ஏற வேண்டும், அவ்வளவுதான். இன்று அதே பாதையில் வாசற்கம்பியைப் பிடித்துத் தொங்கிப் படமெடுக்க உலகமே வருகிறது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயிலை விடக் கூட்டம் அதிகம். வேலைக்காகக் கட்டியதை, அங்கே வேலை இல்லாதவர்கள் வந்து காட்சியாக்கினார்கள்.

இந்த விதிக்கு ஒரு கிளைவிதியும் உண்டு: ஊரை விட்டு வந்தவனுக்குத்தான் சொந்த ஊர் கண்ணில் படுகிறது. ஹப்புத்தளை அடிஷாம் பங்களாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சேர் தாமஸ் வில்லியர்ஸ் என்ற துரை 1931இல் கட்டியது. இங்கிலாந்தில் கென்ட் பக்கத்து ஊர்ப் பெயரை வைத்து, அந்தப் பக்கத்துக் கோட்டை ஒன்றின் சாயலில், கல்லாலேயே ஓர் இங்கிலாந்தை எழுப்பிக்கொண்டார். ஊர் ஞாபகம் வந்தால் துரைமார் மாளிகை கட்டுவார்கள். திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சேலத்திலிருந்தும் தோட்டங்களுக்கு வந்த நம் ஆட்களுக்கும் அதே நோய்தான். அவர்களால் முடிந்தது, மாரியம்மனுக்கு ஒரு கல்லும் மாசியில் காமன் கூத்தும். பிறகு 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போனவர்களைப் பாருங்கள். நீலகிரி என்றால் தமிழ்நாட்டுக்கே தேன்நிலவு. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியவர்களுக்கோ அது இன்னொரு பெரட்டு. ஊட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினால் பதுளையைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அங்கே கிடைத்த பட்டப்பெயர் சிலோன்காரர்.

இதற்கு நீங்கள் மூன்று மறுப்புச் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். முதலாவது, "டிக்கெட்டுக்குக் காசில்லை, அதுதான் இந்தத் தத்துவம் எல்லாம்." பாதி உண்மை. சட்டத்துக்கு டிக்கெட் சுமார் ஐம்பது திர்ஹம், நம் காசில் ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் ஒருவர் ஒருமுறை மேலே போய்வர மூன்று நாள் பேர் விழ வேண்டும். இங்கே சம்பளம் வாங்கினாலும் மனம் பேர்க் கணக்கில்தான் பெருக்குகிறது. லிஃப்டில் ஒவ்வொரு மாடிக்கும் எத்தனை கிலோ கொழுந்து என்று எண்ணிக்கொண்டு போகிறவனுக்குக் காட்சி எங்கே தெரியும்? ஆகவே காசில்லை என்பது என் வாதத்துக்கு எதிரானதல்ல. காசு கையில் இருந்தாலும் லீவு மனசில் இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இரண்டாவது மறுப்பு கனமானது. "அப்படியென்றால் நம் சனத்துக்குக் கண் இல்லை என்கிறாயா?" இல்லை மாமா. கண் அதிகம். பயணி பார்க்கிற அதே பனிமூட்டத்தில், இன்றைக்குக் கொழுந்து நனையுமா, முழுப்பேர் கிடைக்குமா அரைப்பேரா என்று அவர்கள் வாசிக்கிறார்கள். அது காட்சியல்ல, கணக்கு. சரிவைப் பார்த்துப் பயணி "ஆஹா" என்கிற இடத்தில், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பவர் மழை இரவில் மண்ணுக்குக் காது கொடுக்கிறார். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை வந்தது, போய்க் குடியேற நிலம் வரவில்லை. அந்தப் பக்கமாகத் தியலும அருவிக்குப் போகிற வண்டிகள் இன்றும் அழகான வளைவுகளில் நிறுத்திப் படமெடுக்கின்றன. அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களுக்கு அன்று இரவு தூங்க வேறிடம் இருக்கிறது. அழகுக்கு அதுதான் அடிப்படைத் தகுதி என்கிறேன்.

மூன்றாவது, "சுற்றுலாவால் நாலு காசு வருகிறதே, அதைக் கெடுக்காதே." கெடுக்கவில்லை, வரட்டும். எல்லவில் வீட்டு முற்றத்தையே விடுதியாக்கிப் பிழைக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் காட்சியை விற்க வராந்தா வேண்டும். வராந்தா போட நிலம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக இருந்தாலும் அது தோட்டத்துக் காம்பரா. உலகத்தின் மிக நல்ல ஜன்னல் நம்மிடம் இருக்கிறது, சுவர் நம்முடையதில்லை. ஏழு பேர்ச் காணி என்று நம் ஆட்கள் கேட்பது வீட்டுக்கு மட்டுமல்ல, பார்க்கிறவர்களாக இருக்கிற உரிமைக்கும் சேர்த்துத்தான்.

இங்கேதான் சட்டம் என்ற சொல் என்னை விட மறுக்கிறது. 1948இல் நம் நாட்டிலும் ஒரு பெரிய சட்டம் போட்டார்கள், குடியுரிமைச் சட்டம். அதிலும் படம் இல்லை. சுமார் ஏழு லட்சம் பேரின் முகத்தை வெளியே வைத்துவிட்டுப் போட்ட சட்டம். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, ஒன்றரை லட்சம் பிறகு என்று மிச்சக் கணக்கை எழுதினார்கள். மீதி வைத்துக் கணக்கை முடித்தால் நீங்கள் புள்ளி தரமாட்டீர்கள். அவர்களுக்குக் கைதட்டினார்கள். 2003 வரை அந்த மீதி இழுபட்டது. துபாய்ச் சட்டத்தைப் பார்த்து நான் சிரிப்பது இதனால்தான். அது வெறுமையாக இருந்தாலும் யாரையும் வெளியே தள்ளவில்லை. டிக்கெட் வாங்கினால் உள்ளே விடுகிறது.

அதனால், அடுத்த லீவில் வரும்போது நாம் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போவோம். அங்கே உள்ளூராருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டாருக்குப் பல மடங்கு. துபாய்ச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக என்னைப் பார்த்து "எந்த நாடு?" என்று கவுண்டரில் கேட்பார்கள். ஒரு காலத்தில் நம் ஆட்களிடம் குடியுரிமைப் படிவம் நீட்டிக் கேட்ட அதே கேள்வி. பெரகலை என்று சொல்வதாக இருக்கிறேன். நம்பமாட்டார்கள். என் அடையாள அட்டை அலமாரியில் அம்மாவின் சேலைக்கு அடியில் இருக்கிறது, மறக்காமல் எடுத்து வையுங்கள்.

வழி சரியென்றால் புள்ளி போட்டு அனுப்புங்கள். அத்தைக்கு: சாப்பிட்டேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்

பி.கு.: நம் லயத்துத் தொங்கல் காம்பரா வாசலில் நின்று சமவெளிப் பக்கம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கொடியில் காய்கிற துணிகளை எடுக்க வேண்டாம். அந்தப் படத்துக்கு மேல்சட்டம் அந்தக் கொடிதான்.