ரெண்டு நாள் ஊர் சுத்த இத்தனை கணக்கா?

மட்டாஞ்சேரி பாக்க வாறியாம். சந்தோசம் மக்கா, வா. ஆனா கையில அது என்னடே, எக்செல் அட்டவணையா? ஒம்பது பத்துக்குச் சீனவலை. ஒம்பது நாப்பதுக்குச் சர்ச்சு. பத்து இருபதுக்கு ‘ஹிட்டன் ஜெம்’. ஒண்ணுக்குப் போறதுக்கு எத்தன மணின்னு போட்டிருக்க? 1663-ல டச்சுக்காரன் கொச்சியைப் பிடிக்க வந்தானே, அவங்கூட இம்புட்டுப் பட்டியல் போட்டிருக்க மாட்டான்.

முதல்ல பெல்ஜியம் போறதாத்தான் பேச்சாம். புரூஜ், கெண்ட், ஆண்ட்வெர்ப்புன்னு பழைய பிளெமிஷ் ஊருங்க. விசாவும் டிக்கெட்டும் கேட்ட துட்டுல மனசு மாறிட்டு. போட்டும். நீ ஒண்ணும் நட்டப்படலை. 1134-ல ஒரு புயல் வந்து கடலை உள்ள விட்டுது, புரூஜ் துறைமுகமாச்சு. பொறவு அந்த வழி மணல் மூடுச்சு, யாவாரம் ஆண்ட்வெர்ப்புக்கு எடம் மாறிட்டு. இங்கன 1341-ல பெரியாத்துல வெள்ளம். பழைய துறைமுகம் முசிறி மண்ணடிச்சுப் போச்சு, கொச்சிக்கு வாய் தொறந்துச்சு. அங்கயும் இங்கயும் தண்ணி செஞ்ச வேலைதாம்டே. 1501-ல போர்ச்சுக்கல்காரன் இந்தப் பக்கத்துச் சரக்கை ஆண்ட்வெர்ப்புல கொண்டு எறக்கிட்டான். நம்ம மொளகுல கொழுத்த ஊரை நாம துட்டு குடுத்துப் பாக்கணுமாக்கும்!

சரி, எந்தக் கெழம வாற? வெள்ளி சாயங்காலம் எறங்கி, சனி சுத்தி, ஞாயிறு திரும்புதியா? கொள்ளாம். வெள்ளிக்கெழம அரண்மனை பூட்டு. சனிக்கெழம யூதப்பள்ளி பூட்டு. ஞாயிறு காலைல பிரான்சிஸ் சர்ச்சுல ஆராதனை, ஒன்னய உள்ள விட மாட்டான். பதினாலு வரி எழுதுனியே, ஊர் எப்பத் தொறந்திருக்கும்னு ஒரு வரி எழுதுனியா? செவ்வாய், புதன்ல வா. ஆபீசுல ரெண்டு நாள் லீவு போட்டா கம்பெனி கவுந்துராது.

எர்ணாகுளத்துல எறங்குனதும் காரு புடிக்காத. தோப்பும்படி நெருக்கடியில ஒக்காந்துக்கிட்டு ‘வைப்’ இல்லைம்ப. போட்டு ஜெட்டிக்கு நட. சர்க்கார் போட்டுல சில்லறைக் காசுதான் டிக்கெட்டு. ஏசி வேணுமா, 2023-ல ஓட ஆரம்பிச்ச வாட்டர் மெட்ரோ இருக்கு. காயல்ல காத்து சும்மா வரும். அதுக்கு எவனும் ரேட்டிங் கேக்க மாட்டான்.

அரண்மனையக் கட்டுனது போர்ச்சுக்கல்காரன், 1555 வாக்குல. ஓடு மாத்திப் பழுது பாத்தவன் டச்சுக்காரன். பேரு என்ன? டச்சு அரண்மனை! நம்ம ஊர்லயும் வெள்ளையடிச்சவன் பேருதானே கல்வெட்டுல நிக்கி? உள்ள பள்ளியறைச் சொவத்துல ராமாயணம் வரைஞ்சிருக்கு. அது முன்னால ஒரு நாழி சும்மா நில்லு. சர்ச்சுல வாஸ்கோட காமா குழி இருக்கு. 1524-ல பொதைச்சாங்க, 1539-ல எடுத்துட்டுப் போயிட்டாங்க. காலிக் குழிக்கு முன்னால செல்பி எடுக்க வரிசை நிக்கிது. நீயும் நிப்ப, எனக்குத் தெரியும்.

1568-ல கட்டுன யூதப்பள்ளியில எல்லாவனும் மேல தொங்குத வெளக்கப் பாப்பான். நீ செருப்பக் கழத்திட்டுத் தரையப் பாரு. சீனாவுலேந்து வந்த நீலச் சித்திர ஓடு. கையால வரைஞ்சது.

ஒன் பட்டியல்ல இல்லாத எடம் ஒண்ணு சொல்லுதேன். ‘வெளி’ங்குத எடத்துல தோபி கானா. அங்கன இருக்கது, டச்சுக்காரன் பட்டாளத்துத் துணி வெளுக்கக் கூட்டியாந்த நம்ம தமிழ்ச் சனம்னு சொல்லுவாங்க. இப்ப இருக்க கட்டடம் 1976-ல வந்தது. கல்லுல துணி அறையுத சத்தம் தெருமொனையிலயே கேக்கும். கொடியப் பாரு. ரெண்டு கயித்த முறுக்கி, அந்த முறுக்குக்குள்ள துணி ஓரத்தச் செருகியிருப்பாங்க. கிளிப்பு கிடையாது. காயல்காத்து எம்புட்டு அடிச்சாலும் ஒரு வேட்டி பறக்காது. கஞ்சி போட்ட துணியில கரிப்பெட்டி ஓடும்போது ஒரு வாசம் வரும், கேட்டியா, அத எந்த ‘ஆப்’லயும் போட முடியாது. பெரியவங்க யாரும் இருந்தா தமிழ்லயே பேச்சுக் குடு. கேமராவப் பொறவு எடு.

மத்தியானம் பிரியாணிக்கு நேரத்தோட போயிரு. ‘புக்கிங் உண்டா’ன்னு கேட்டுச் சிரிப்பு வாங்காத.

இன்னும் பிளெமிஷ் ஆசை அடங்கலையா? எங்க நாஞ்சில் நாட்டுக்கு வா. புலியூர்க்குறிச்சியில உதயகிரிக் கோட்டை. டிலனாய் அங்கனதான் கெடக்கான். பிளெமிஷ் வழிக்காரன்னு எழுதி வச்சிருக்காங்க. டச்சுக் கம்பெனிக்காக 1741-ல கொளச்சல்ல சண்டைக்கு வந்தான், மார்த்தாண்ட வர்மா கையில மாட்டுனான். பொறவு அவரு படைக்கே வாத்தியாராயிட்டான். முப்பத்தாறு வருசம் இருந்து 1777-ல செத்தான். கல்லறையில லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கு. அவன் போட்டுட்டு வந்த திட்டத்துல இதெல்லாம் இருந்திருக்குமாடே?

பெல்ஜியத்துக்கும் ஒரு நாள் போவ. போ, வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா அங்கன பல மியூசியம் திங்கக்கெழம பூட்டு. நீ திங்கக்கெழமயா பாத்து டிக்கெட்டு போட்டிருப்ப.